கார்த்திகையில் விதைப்போம்



இம்மாதப் பாடத்தைப் படித்தால் மட்டும் போதாது, கையில் மண் பட வேண்டும். முதலில் ஒரு கேள்வி. வரும் பொங்கலன்று சூரியனுக்குப் படைக்கப் போகும் பொருள்களை ஒரு தாளில் எழுதுங்கள். அரிசி, கரும்பு, மஞ்சள் கொத்து, வாழைப்பழம், காய்கறி, பூ. இவற்றில் எத்தனை உங்கள் வீட்டில் விளைந்தவை?

பெரும்பாலோர் பூஜ்யம் என்றுதான் எழுதுவீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நம்மில் பலர் மாடி வீட்டில் இருக்கிறோம். ஆனால் பொங்கல் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் விழா. எதையுமே விளைவிக்காமல் சொல்லும் நன்றி வாயளவில் நின்றுவிடும். ஒரே ஒரு பொருளையாவது நம் கையால் விளைவித்து வைப்போம் என்பதுதான் இந்தப் பாடத்தின் நோக்கம். அதற்கு விதைக்க வேண்டிய மாதம் கார்த்திகை. கார்த்திகை முதல் தேதியிலிருந்து தை முதல் தேதி வரை ஏறக்குறைய 60 நாள் இருக்கிறது. அது போதும்.

1. நமக்கு எது பட்டம்?

இங்கே பட்டம் என்றால் நூல் கட்டிப் பறக்கவிடும் பட்டமும் இல்லை, பல்கலைக்கழகத்தில் வாங்குகிற பட்டமும் இல்லை. விதைப்பதற்கு ஏற்ற காலத்தை உழவர்கள் பட்டம் என்பார்கள். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்ற பழமொழியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அது தமிழ்நாட்டு மழையைப் பார்த்துச் சொன்னது. நம் நாட்டுக்கு அப்படியே பொருந்தாது.

இப்போது பலர் காணொளி பார்த்துத் தோட்டம் போடுகிறார்கள். நவம்பரில் விதைக்க வேண்டியவை என்று இங்கிலாந்துக்காரர் ஒருவர் பூண்டு ஊன்றிக் காட்டுவார். அங்கே அது இலையுதிர் காலத்தின் கடைசி. குளிர்காலக் குளிர் பல வாரம் பட்டால்தான் பூண்டு பல் பல்லாகப் பிரியும். ஈப்போவிலோ கிள்ளானிலோ அதே பூண்டை ஊன்றினால் தாள்தான் வரும், பூண்டு வராது. தாளைக் கிள்ளி ரசத்தில் போடலாம், அவ்வளவுதான்.

பழந்தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தார்கள். அதில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். இலை உதிர்வது அதன் அடையாளம் இல்லை, குளிர்ந்த காற்றும் மழையும்தான் அடையாளம். அந்த மழையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு போவது வடகிழக்குப் பருவக்காற்று. நம் கிளந்தானையும் திரங்கானுவையும் நனைப்பதும் அதே பருவக்காற்றுதான். ஆகவே கூதிர் என்ற சொல் நமக்கும் சொந்தம்.

ஆனால் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் ஜனவரி வரை கனமழை, வெள்ளமும் வரலாம். அங்குள்ளவர்கள் தரையில் விதைக்காமல் கூரை ஓரத்தில் தொட்டியில் வளர்ப்பது நல்லது. மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பரில் மாலை வேளையில் இடியோடு மழை கொட்டும், காலையில் வெயில் இருக்கும். இது விதைப்புக்கு மிக நல்ல நேரம். கெடாவிலும் பெர்லிசிலும் ஜனவரி, பிப்ரவரியில் வறண்டுவிடும், அப்போது தண்ணீர் ஊற்ற வேண்டிவரும். சிங்கப்பூரில் நவம்பர் முதல் ஜனவரி வரை நல்ல மழை.

2. விதைக்கு ஐம்பூதம்

ஐம்பூதங்களைப் பற்றிச் சமய வகுப்பில் படித்திருக்கிறோம். ஒரு விதையை வைத்துப் பார்த்தால் அந்தப் பாடம் எளிதாக விளங்கும். ஐந்தில் ஒன்று குறைந்தாலும் செடி வராது.

நிலம். நம் நாட்டு மண் மழையில் கழுவப்பட்டுப் புளிப்பு ஏறிய மண். தரையில் போடுகிறவர்கள் தோட்டக் கடையில் விற்கும் சுண்ணாம்புத் தூளைச் சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி தூவிக் கொத்திவிட்டு, இரண்டு வாரம் கழித்து எரு போடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் எருவின் சத்து காற்றில் போய்விடும். தொட்டியில் போடுகிறவர்கள் மண், மக்கிய எரு, மணல் மூன்றையும் சம அளவில் கலந்தால் போதும்.

நீர். இந்த மாதத்தில் தண்ணீர் போதாமல் செடி சாவதில்லை, தண்ணீர் வடியாமல்தான் சாகிறது. தரையில் பாத்தியை 20 முதல் 30 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். அகலம் ஒரு மீட்டருக்குள் இருந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் கை எட்டும், உள்ளே மிதிக்க வேண்டியதில்லை. தொட்டிக்கு அடியில் ஓட்டை கட்டாயம். தொட்டியின் கீழே தட்டு வைக்காதீர்கள். அதில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசு பறந்துவிடும். கீரை வளர்க்கப் போய் வீட்டுக்கு டிங்கியைக் கொண்டு வரக்கூடாது. வாரம் ஒரு நாள் தோட்டத்தைச் சுற்றி வந்து, தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்டிவிடுங்கள்.

நெருப்பு. அதாவது வெயில். மழை மாதத்தில் மேகம் மூடியே இருக்கும். கீரைக்கு நாலு மணி நேர வெயிலாவது வேண்டும், காய்க்கும் செடிக்கு ஆறு மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பகல், மாலை மூன்று வேளையும் உங்கள் இடத்தில் எங்கே வெயில் விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் தொட்டியின் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

காற்று. இளம் நாற்று அடியில் அழுகிச் சாய்ந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈரத்தில் காற்றோட்டம் இல்லாமல் நெருக்கமாக நின்றால் பூஞ்சை பிடிக்கும். கனமழைக்கு மேலே ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளைக் கட்டுங்கள், ஆனால் நாலு பக்கமும் திறந்திருக்கட்டும்.

ஆகாயம். ஆகாயம் என்றால் இடம். எல்லாரும் மறப்பது இதைத்தான். முளைத்த அத்தனையையும் வைத்துக்கொள்ள ஆசை வரும். கலைத்துவிட்டால்தான் மீதி பிழைக்கும். கலைத்த கீரை நாற்றைத் தூக்கிப் போட வேண்டாம், பருப்பில் போட்டுக் கடையலாம்.

நத்தைக்கும் ஒரு வார்த்தை. மழை மாதத்தில் ஒரே இரவில் நாற்றெல்லாம் காணாமல் போய்விடும். "அக்கா, நத்தையைக் கொல்லலாமா? பாவமில்லையா?" என்று வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள். நல்ல கேள்வி. முதலில் அது நெருங்காமல் பார்ப்போம் என்றேன். தண்ணீர்ப் போத்தலின் அடியையும் தலையையும் வெட்டி, வளையம்போல் ஒவ்வொரு நாற்றையும் சுற்றி ஊன்றிவிட்டால் பெரும்பாலும் தப்பிவிடும். பெரிய ஆப்பிரிக்க நத்தையை வெறுங்கையால் தொடக்கூடாது, மனிதருக்கு நோய் தரும் புழு அதில் இருக்கலாம். கையுறை போடுங்கள். கீரையை நன்றாகக் கழுவிச் சமைத்துச் சாப்பிடுங்கள்.

3. முளைப்பாலிகையும் விதைச் சோதனையும்

கல்யாணத்திலும் கோயில் திருவிழாவிலும் முளைப்பாலிகை போடுவதைக் கண்டிருப்பீர்கள். சிறு சட்டிகளில் நவதானியம் விதைத்து, முளைத்ததும் வழிபட்டுப் பிறகு நீரில் விடுவார்கள். வம்சம் தழைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அதோடு எந்த விதை உயிரோடு இருக்கிறது என்பதும் அதில் தெரிந்துவிடும்.

நாமும் அப்படிச் சோதிப்போம். பழைய துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, 10 விதையை வைத்துச் சுருட்டி, மூடிய டப்பாவில் வையுங்கள். பயறும் வெந்தயமும் இரண்டு மூன்று நாளில் முளைக்கும், வெண்டைக்கு நாலைந்து நாளாகலாம். எட்டு, ஒன்பது முளைத்தால் நல்ல விதை. ஐந்து முளைத்தால் இரண்டு மடங்காகப் போட வேண்டும். இரண்டு மூன்றுதான் என்றால் வேறு விதை தேடுங்கள்.

விதைக்குக் கடைக்குத்தான் ஓட வேண்டும் என்பதில்லை. சமையலறையில் இருக்கும் வெந்தயம், கடுகு, முழுப் பச்சைப்பயறு எல்லாம் முளைக்கும். தோல் நீக்கி உடைத்த பருப்பு முளைக்காது. ஏன் என்று யோசித்து வையுங்கள், கடைசியில் கேட்பேன்.

4. அறுபது நாள் கணக்கு

பொங்கலிலிருந்து பின்னோக்கி எண்ணினால் எதை எப்போது விதைப்பது என்பது தெரிந்துவிடும்.

கார்த்திகை முதல் வாரம் (நவம்பர் நடுப்பகுதி):

வெண்டை. விதையை இரவு முழுவதும் ஊற வைத்து, 2 சென்டிமீட்டர் ஆழத்தில், செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர் விட்டு ஊன்றுங்கள். 45 முதல் 50 நாளில் முதல் காய் வரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்க வேண்டும், விட்டால் முற்றிப் போகும்.

பயத்தங்காய். 30 சென்டிமீட்டருக்கு ஒன்று. இரண்டு மீட்டர் உயரத்துக்குக் கம்போ கயிறோ வேண்டும். இதுவும் 45 முதல் 50 நாள்.

செண்டுமல்லி. மாலையில் கட்டும் மஞ்சள் பூ. 50 முதல் 60 நாளில் பூக்கும், ஆகவே ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள்.

கத்தரியை விதையிலிருந்து தொடங்கினால் பொங்கலுக்கு வராது. நாற்றாக வாங்கி இப்போதே நட்டால் தைப்பூசத்தை ஒட்டிக் காய்க்கும்.

மார்கழி முதல் வாரம் (டிசம்பர் நடுப்பகுதி):

முளைக்கீரை. விதை மிகச் சிறியது. ஒரு பிடி மணலில் கலந்து தூவி, மேலே லேசாக மண் தூவினால் போதும். 25 முதல் 30 நாள்.

கங்கோங். சந்தையில் வாங்கிய கீரையிலேயே முற்றிய தண்டை ஒரு சாண் நீளம் வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். இந்த ஒரு செடி மட்டும் ஈரம் அதிகமானாலும் கோபித்துக்கொள்ளாது.

மார்கழி இருபதுக்குள் (ஜனவரி முதல் வாரத்துக்குள்):

வெந்தயக்கீரை. 20 நாளுக்கு மேல் விட்டால் நல்ல உயரம் வரும். அவசரமென்றால் சின்னதாகவே கிள்ளலாம்.

மழை சத்தைக் கழுவிக்கொண்டே இருக்கும். அதனால் எருவை ஒரேயடியாகப் போடாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

இவற்றோடு இந்த மழையில் நட வேண்டியவையும் உண்டு. வேர் பிடிக்கும் வரை மழையே தண்ணீர் ஊற்றிவிடும். செம்பருத்திக் குச்சி, வெற்றிலைக் கொடி, கறிவேப்பிலைக் கன்று எல்லாவற்றுக்கும் இது நல்ல நேரம், மாலையில் நடுங்கள். முருங்கைக் கொம்பை ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டி, வெட்டிய இடம் சில நாள் காய்ந்த பிறகு மேட்டு நிலத்தில் ஊன்ற வேண்டும். துளசிக்கும் முருங்கைக்கும் காலடியில் தண்ணீர் நிற்கவே கூடாது.

5. கரும்பும் மஞ்சளும் ஏன் பட்டியலில் இல்லை?

வகுப்பில் ஒரு தம்பி கேட்டான்: "கரும்பு இல்லாம பொங்கலாக்கா? அதையும் இப்பவே நடலாமே?"

நடலாம், ஆனால் இந்தப் பொங்கலுக்கு வராது. கரும்புக்கு 10 முதல் 12 மாதம். மஞ்சளுக்கு எட்டு, ஒன்பது மாதம். வாழைக்கும் 9 முதல் 12 மாதம். தமிழ்நாட்டில் தைக்கு அறுவடையாகும் சம்பா நெல்லை ஆடி, ஆவணியில் விதைத்திருப்பார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாக எண்ணிப் பாருங்கள். பொங்கல் தட்டில் இருக்கும் கரும்பு போன தையில் ஊன்றியது. மஞ்சள் வைகாசியில் ஊன்றியது. அரிசி ஆடியில் விதைத்தது. கீரை மார்கழியில் தூவியது. ஒரு தட்டில் ஓர் ஆண்டு முழுவதும் இருக்கிறது. அந்த ஆண்டு முழுவதும் யாரோ குனிந்து வேலை செய்திருக்கிறார்கள், சூரியனும் மழையும் ஒரு நாளும் கூலி கேட்கவில்லை. நாம் கடையில் ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடுவதால் இது கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதனால் இந்தப் பொங்கலுக்குக் கரும்பு வாங்கும்போது ஒன்று செய்யுங்கள். அடிக்கரும்பைச் சாப்பிடுங்கள், அதுதான் இனிக்கும். நுனிப் பக்கத்தை இரண்டு மூன்று கணுவோடு வெட்டி, மண்ணில் படுக்க வைத்து, 5 சென்டிமீட்டர் மண் போட்டு மூடுங்கள். நுனிக் கணுவில்தான் முளை நன்றாக வரும். மஞ்சள் கொத்தில் இருக்கும் கிழங்கையும் காய வைத்து எடுத்து வைத்துச் சித்திரை, வைகாசியில் ஊன்றுங்கள். சென்ற தையில் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் கோயிலுக்குப் பின்னால் ஊன்றிய கரும்பு இப்போது என் தலைக்கு மேல் நிற்கிறது. வரும் பொங்கலுக்கு அந்தக் கோயிலில் அதைத்தான் கட்டப் போகிறார்கள்.

6. லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலம்

நம்மில் பலருடைய தாத்தா பாட்டி ரப்பர் தோட்டங்களில் இருந்தவர்கள். வேலை செய்த மண் அவர்களுடையது இல்லை, குடியிருந்த லயமும் அவர்களுடையது இல்லை. ஆனால் லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருக்கும். அதில் என்ன போடுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

என் பாட்டி பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவினவர். ஆண்டுக் கடைசி மழைதான் அவர்களுக்குக் கஷ்டகாலம். மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது, வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. "மழை பேஞ்சா மரம் நம்மள வேணாம்னு சொல்லிடும்யா. அந்த நேரத்துல கீரைதான் வா வான்னு கூப்பிடும்" என்று பாட்டி சொல்லுவாங்க. கார்த்திகை விளக்கு ஏற்றுவதற்கு முன்னாலேயே பாத்தி போட்டு முடித்துவிடுவார்களாம். கூலி குறைந்த மார்கழியில் ஏழு பேர் சாப்பிட்டது அந்தப் பாத்தியிலிருந்துதான். கடையில் கடன் கணக்கு ஏறாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

பிறகு பல தோட்டங்கள் எண்ணெய்ப்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்கு வந்தன. வேலை மாறியது, படிப்பு வந்தது, நல்லதுதான். ஆனால் அந்தத் துண்டு நிலத்தோடு அதைப் பற்றிய அறிவும் போய்க்கொண்டிருக்கிறது. எந்த மாதம் எதைப் போடுவது, எந்த விதையை எடுத்து வைப்பது என்று தெரிந்தவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்கள் இதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இன்னும் பத்து ஆண்டு கழித்துக் கேட்கலாம் என்றால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

7. "எங்க வீடு பதினோராவது மாடிங்க்கா"

இடம் இல்லை என்பதும் உண்மையான சிரமம்தான். ஆனால் கீரைக்கு ஒரு சாண் ஆழ மண் போதும். பழைய வாளி ஒன்றில் ஒரு வெண்டைச் செடி வளரும். ஐஸ்கிரீம் டப்பாவில் வெந்தயக்கீரை வளரும். இரண்டு எச்சரிக்கை: தொட்டியை வெளிச்சுவர் விளிம்பில் வைக்காதீர்கள், காற்றில் விழுந்தால் கீழே போகிறவர் உயிருக்கு ஆபத்து. நடைபாதையை மறிக்காதீர்கள், அவசரத்தில் அண்டை வீட்டார் ஓட வேண்டிய வழி அது.

வீட்டில் வெயிலே இல்லையென்றால் வெளியே பாருங்கள். சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2005இல் 'கம்யூனிட்டி இன் புளூம்' என்ற சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது, பல குடியிருப்புப் பேட்டைகளில் அத்தகைய தோட்டம் இருக்கிறது. மலேசியாவில் கோயில் நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள். கோயிலுக்குப் பின்னால் நாலு பாத்திக்கு இடம் இருக்கும். எருவும் அங்கேயே கிடைக்கும்: சுவாமிக்குச் சாத்திக் கழித்த பூமாலைகளில் நூலையும் ஜிகினாவையும் எடுத்துவிட்டு, காய்ந்த இலையோடு அடுக்கிப் போட்டால் இரண்டு மூன்று மாதத்தில் மக்கிவிடும்.

வீட்டில் செய்ய

1. இந்த வாரமே 10 விதை வைத்துச் சோதனை செய்து, முளைத்த எண்ணிக்கையை எழுதி வையுங்கள்.
2. வெயில் விழும் இடத்தைக் குறித்து, ஒரே ஒரு பயிரைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஆண்டில் ஒன்று போதும்.
3. தாத்தா, பாட்டி அல்லது பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: "மழை மாசத்துல என்ன போடுவீங்க? விதைய எப்படி எடுத்து வைப்பீங்க?" அவர் சொன்ன மாதிரியே எழுதுங்கள், பேச்சு வழக்கைத் திருத்த வேண்டாம்.
4. விளைந்ததில் முதல் பிடியைப் பொங்கலன்று படையுங்கள். இரண்டாவது பிடியை அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள், அவர் எந்த இனத்தவராக இருந்தாலும் சரி.
5. ஒரு வெண்டைக் காயையாவது பறிக்காமல் செடியிலேயே காயவிட்டு விதை எடுங்கள். அடுத்த கார்த்திகைக்கு அது வேண்டும்.

கலந்து பேச

அ. உடைத்த பருப்பு ஏன் முளைக்காது? விதையின் எந்தப் பகுதி அதில் போய்விட்டது?
ஆ. ஐம்பூதங்களில் உங்கள் வீட்டில் எது குறைவு? அதை எப்படி ஈடு செய்யலாம்?
இ. நத்தையைப் பற்றி அந்தத் தங்கை கேட்ட கேள்விக்கு உங்கள் பதில் என்ன? காரணத்தோடு சொல்லுங்கள்.
ஈ. ஊரில் கனமழை பெய்து உங்கள் நாற்றெல்லாம் அழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டுப் பொங்கலில் எதற்கு நன்றி சொல்வீர்கள்?

கடைசிக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல வேண்டாம். நம் முன்னோர் பல ஆண்டுகள் அந்தக் கேள்வியோடுதான் பொங்கல் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஈரத்துணியைச் சுருட்டிய டப்பாவைக் கையோடு கொண்டு வாருங்கள். யாருடைய பத்தில் எத்தனை முளைத்தது என்று சேர்ந்து எண்ணுவோம்.